விரிசல் இல்லாத தெரு

வார்டு மெம்பர் ஆன பிறகும் அவள் தையல் மிஷினை விடவில்லை. விட்டால் அடுப்பு எரியாது என்பது ஒரு காரணம். குறை சொல்ல வருகிற ஆட்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார அவளால் முடியாது என்பது இன்னொன்று. ஊசி ஓடிக்கொண்டிருந்தால்தான் அவளுக்குக் காது திறக்கும். காலையில் வாசல் கதவைத் திறந்த கையோடு மிஷினில் உட்காருவாள். மிதிக்கத் தொடங்குவதற்குள் ஒரு ஆள் வந்து நிற்பார். தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர் வருவார். எரிகிற விளக்கு நேரே கட்டில்மேல் அடிக்கிறது, தூக்கமே போச்சு, அதை அணைக்கச் சொல்லு என்று அடுத்த வீட்டுக்காரர் வருவார். இருவரிடமும் பார்க்கிறேன் என்றுதான் சொல்வாள். பார்க்கவும் செய்வாள், அதுதான் அவளிடம் இருந்த குணம். நகராட்சி ஆபீஸில் எந்த மேஜைக்கு முன்னால் போய் நின்றால் வேலை நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். நிற்பதற்கு அவள் அலுத்துக்கொண்டதே இல்லை. மெம்பரம்மா வந்துட்டாங்க, இனி நகர மாட்டாங்க என்று அங்கே டீ கொடுக்கிறவரே சொல்லிச் சிரிப்பார்.

அவர்கள் தெரு ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ஒரே வரிசை வீடுகள். முன்வாசல் தெருவுக்கு, பின்வாசல் கரைக்கு. கரை என்றதும் கல்லும் சிமெண்டுமாக ஏதோ கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வெறும் மண். ஒவ்வொரு மழைக்கும் ஆறு அதில் ஒரு வாய் கடித்துக்கொண்டு போகும். முன்பு துணி காயப்போட்ட இடம், கோழி அடைத்த இடம் எல்லாம் இப்போது தண்ணீருக்குள் இருந்தது. மண் நகர்ந்தால் சுவர் சும்மா இருக்குமா? அயர்ன்காரர் வீட்டில் மூலையோடு ஒரு கோடு இறங்கியது. முட்டைக்கடை அக்கா வீட்டில் வாசல் நிலைக்கு மேலே ஒன்று. பேப்பர் போடுகிறவர் வீட்டில் படுக்கிற இடத்துக்கு நேர் எதிரே ஒன்று, கண் விழித்தால் அதில்தான் விழிக்க வேண்டும்.

விரிசல் என்ற வார்த்தையை மட்டும் அந்தத் தெருவில் யாரும் வாயால் சொல்வதில்லை. 'விருந்தாளி வந்திருக்கு' என்றுதான் சொல்வார்கள். அதற்கு ஒரு கதை இருந்தது. சில வருஷத்துக்கு முன்னால் ஆற்றின் மேல்பக்கத்துத் தெருவில் இதே மாதிரி சுவர்கள் வாய் பிளந்தபோது, ஜனங்கள் போய் ஆபீஸில் முறையிட்டார்கள். ஆபீஸ்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஐயோ பாவம் என்றார்கள். அடுத்த வாரமே எல்லோரையும் லாரியில் ஏற்றி, ஊரைத் தாண்டி, பஸ்கூடச் சரியாகப் போகாத இடத்தில் அடுக்கு வீடுகளில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். அங்கே போனவர்களில் மீன் விற்றவள் விற்க ஆளில்லாமல் வீடு பெருக்கப் போனாள். சைக்கிள் கடைக்காரர் குடித்தே செத்தார். அதைப் பார்த்த பிறகு இந்தத் தெரு வாயை மூடிக்கொண்டது. யாராவது அதிகாரி வருகிறார் என்று காதில் விழுந்தால் போதும், கொத்தனாரைக் கூப்பிட ஆள் ஓடும்.

கொத்தனார் என்பவர் வேறு யாருமில்லை, மெம்பரின் புருஷன்தான். வாய் பேசாத மனுஷன். கை பேசும். விரிசலின் இரண்டு ஓரத்தையும் உளியால் கொத்தி, தண்ணீர் அடித்து ஊறவிட்டு, கலவையைத் திணித்து, மேலே மெல்லிசாகப் பூசுவார். புதுப்பூச்சு பளிச்சென்று காட்டிக்கொடுக்கும் அல்லவா? அதற்கு அடுப்புச் சாம்பலும் டீத்தூள் சக்கையும் கலந்து கந்தல் துணியால் தேய்ப்பார். காய்ந்துவிட்டால் எங்கே பூசினார் என்று அவரே தேட வேண்டியிருக்கும். தன் வீட்டுப் பின்சுவரையும் அப்படித்தான் பூசி வைத்திருந்தார். அவர் யாரிடமும் கூலி வாங்கியதில்லை. அந்தப் பூச்சுக்காகத்தான் அவர் பெண்டாட்டிக்கு ஓட்டு விழுந்தது என்று தெருவில் கேலி பேசுவார்கள். ஒரு வீட்டுச் செங்கல்லைக்கூடத் தொட விடமாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுத்ததும் அந்த ஓட்டுக்குக் காரணம்தான்.

ஆனால் ஜெயித்து வந்த பிறகு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பூசிக்கொண்டே இருந்தால் ஆறு நின்றுவிடுமா? கரைக்குத் தடுப்புச் சுவர் கட்டினால்தான் தெரு தங்கும் என்று பிடித்துக்கொண்டாள். போன மழை முடிந்ததிலிருந்து அதற்காகவே நடந்தாள். இன்ஜினியர் அறை வாசலில் பெஞ்சு தேய உட்கார்ந்தாள். நகராட்சித் தலைவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய், பந்தியில் அவர் கை கழுவ எழுந்த நேரம் பார்த்து அதைச் சொன்னாள். அவர் ஈரக் கையோடு தலையாட்டினார். ஒருவழியாக, கரைச் சுவர் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வரும் என்றும், அதற்கு முன் இன்ஜினியர் நேரில் வந்து பார்ப்பார் என்றும் சேதி வந்தது. அன்றைக்கு அவள் மிஷின் மிதித்த வேகத்தில் ரெண்டு ரவிக்கை கூடுதலாக முடிந்தது.

மழை முந்திக்கொண்டது. மேகம் இறங்கி, நாள் முழுக்க ஓயாமல் பெய்தது. ரெண்டாம் நாள் காலையில் நாத்தனார் வந்து நின்றாள், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு. கொத்தனாருக்கு ஒரே தங்கை. வரிசையின் கடைசி வீடு அவளுடையது. ஆறு வளைகிற இடத்தில், தண்ணீர் நேரே வந்து மோதுகிற இடத்தில் இருந்தது.

“அண்ணி, விருந்தாளி பெருசா வந்திருக்கு” என்றாள்.

மெம்பர் ஊசியிலிருந்து துணியை உருவாமல் அப்படியே எழுந்து போனாள். பின்சுவரில் தரையிலிருந்து கூரைவரை ஓடியிருந்தது. விரலை விட்டாள், கணுவரைக்கும் உள்ளே போயிற்று. உள்ளேயிருந்து சில்லென்று காற்று வந்தது.

அந்தச் சுவருக்கு அடியிலேயேதான் கட்டில். கட்டிலில் நாத்தனாரின் புருஷன், டிரைவர். லாரி உருண்டதில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போய்விட்டது. ஆள் ஆறடி, அதற்கேற்ற அகலம். ஒருத்தியால் புரட்டக்கூட முடியாது. ஈரத் துணியால் துடைக்க, பக்கம் மாற்றிப் படுக்க வைக்க, கொத்தனார் தினமும் விடியலில் வந்து கைகொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். தெருவில் யாராவது ஒருத்தர் மதியம் எட்டிப் பார்ப்பார்கள். அந்தத் தெருவை விட்டுப் போனால் இந்தக் கைகள் எங்கே கிடைக்கும்? நாத்தனாருக்கு ராத்திரி பகல் அதே கவலை. டிரைவர் மட்டும் எதற்கும் அசரமாட்டார். படுத்த இடத்திலிருந்தே உலகத்தைக் கிண்டல் பண்ணுவார். அவள் உள்ளே வந்தாலே மனு கொடுப்பார்.

“மெம்பரே, எனக்கொரு மனு. இந்த மின்விசிறிக்கு மூணே இறக்கை. எண்ணி எண்ணிச் சலிச்சுப்போச்சு. நாலாவது இறக்கை போடச் சொல்லி ஒரு தீர்மானம் கொண்டாங்க.”

அவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. இன்ஜினியர் நாளை மறுநாள் வருகிறார், இதை இப்படியே விடு, அவர் கண்ணால் பார்க்கட்டும் என்று நாத்தனாரிடம் சொன்னாள். சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டபோது அயர்ன் வண்டிக்குப் பக்கத்தில் தெருவைக் கூட்டி, எல்லாரிடமும் அதையே சொன்னாள். இந்த ஒரு தடவை யாரும் மறைக்காதீங்க, காட்டினால்தான் சுவர் வரும் என்றாள். காட்டினால் லாரி வராதா என்று முட்டைக்கடை அக்கா கேட்டாள். வராது, நான் இருக்கிறேன் என்றாள் மெம்பர். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். தலையாட்டியதை நம்பினாள் பாருங்கள், அங்கேதான் அவள் ஏமாந்தாள். ஆபீஸில் எத்தனை பேர் அவளிடம் அதே மாதிரி தலையாட்டியிருக்கிறார்கள்!

இன்ஜினியர் வந்தார். குடை பிடிக்க ஒரு ஆள், செருப்பில் சேறு படக்கூடாது என்று பலகை போட ஒரு ஆள். முதல் வீட்டில் நுழைந்ததும் மெம்பர் நேரே மூலைக்குப் போனாள். மூலையில் கோடு இல்லை. அடுத்த வீட்டில் நிலைக்கு மேலே சுவர் வழவழவென்று இருந்தது. சாம்பல் நிறம், டீத்தூள் பழுப்பு, வருஷக்கணக்காக அப்படியே இருந்த சுவர் மாதிரி. வீடு வீடாகப் போனார்கள். எங்கும் விருந்தாளி இல்லை. முந்தின நாள் பூரா அவள் நகராட்சியில் நின்றுகொண்டிருந்த நேரத்தில் வேலை நடந்து முடிந்திருந்தது. கடைசி வீட்டிலாவது இருக்கும், அவ்வளவு பெரிசை எப்படி மூட முடியும் என்று கிட்டத்தட்ட ஓடினாள். மூடியிருந்தது. அவள் புருஷனின் கைவேலையிலேயே அதுதான் உச்சம் என்று சொல்ல வேண்டும். கூரைவரை ஒரு பிசிறு இல்லை. கட்டிலுக்கு மேலே ஒரு சட்டைகூட ஆணியில் தொங்கியது.

“இங்கதான் சார். இதுக்குள்ளதான் இருக்கு. தட்டிப் பாருங்க” என்றாள் மெம்பர்.

இன்ஜினியர் விரல் முட்டியால் ரெண்டு தட்டுத் தட்டினார். பிறகு நாத்தனாரைப் பார்த்து, உங்க வீட்ல விரிசல் ஏதாவது இருக்காம்மா என்று கேட்டார்.

நாத்தனார் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. “எங்க வீட்ல அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். நல்லாத்தான் இருக்கோம்” என்றாள்.

அங்கே ஒரு கடப்பாரை சாத்தியிருந்தது. எடுத்து ஒரே குத்து, முடிந்தது விஷயம். மெம்பரின் கை அதுவரை போகவும் போயிற்று. கட்டிலில் டிரைவர் அவளைப் பார்த்தார். கெஞ்சவில்லை, வேண்டாம் என்று சொல்லவில்லை, சும்மாதான் பார்த்தார். அவள் கையை இழுத்துக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகப் பிறகு அவள் தன்னையே எவ்வளவு திட்டிக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

வீட்டுக்கு வந்து புருஷனைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷமாக நான் நாய் மாதிரி அலைந்ததை ஒரு சட்டிக் கலவையில் மூடிவிட்டாயே என்று கத்தினாள். கொத்தனார் கால் கழுவிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். தங்கச்சி காலில் விழுந்து அழுதாள், நான் என்ன பண்ணட்டும் என்றார். கடைசி வீட்டைப் பூசினால் மற்ற வீட்டுக்காரர்கள் விடுவார்களா, அவளுக்கு மட்டுமா என்று ஒவ்வொருவராக வந்து நின்றார்கள் என்றார். அன்றைக்கு அந்த வீட்டில் சோறு ஆக்கியபடியே பானையில் கிடந்தது.

கூட்ட நாளும் மழையோடுதான் விடிந்தது. மன்றத்தில் அவள் நாற்காலி தூணுக்குப் பின்னால். அவள் மைக் எப்போதும் வேலை செய்யாது, கத்திப் பேசிப் பழகியிருந்தாள். மார்க்கெட் வாசலுக்கு அலங்கார வளைவு கட்டும் தீர்மானம் வந்தது, எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். கரைச் சுவர் வந்ததும், நேரில் பார்த்ததில் வீடுகளுக்குப் பாதிப்பு எதுவும் இல்லை, அவசரமில்லை என்று இன்ஜினியர் எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

“அது என் வீட்டுக்காரர் பூசினதுங்க. உள்ள அப்படியே இருக்கு” என்று மெம்பர் கத்தினாள்.

மன்றமே சிரித்தது. அவ்வளவு நல்லாப் பூசுறார்னா தடுப்புச் சுவரையும் அவரையே கட்டச் சொல்லுங்க என்றார் மார்க்கெட் வார்டு மெம்பர். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. தலைவர் சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, பாவம், தலைக்கு மேல் வேலை உள்ளவர். அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். மேலே அணையைத் திறக்கப்போகிறார்கள் என்று காலையில்தான் சேதி வந்திருக்கிறது, அடுத்த கூட்டம்வரைக்கும் கரை இருக்குமா, இன்றைக்கே ஏதாவது செய்யுங்கள் என்று அவள் உட்காராமல் நின்றாள். உட்காருங்க என்றார். நின்றாள். மறுபடியும் உட்காருங்க என்றார். அவள் நகரவில்லை.

“இன்னிக்கே செய்யணும்னா ஒரே வழிதாம்மா இருக்கு” என்றார் தலைவர், சலித்துப்போய். “அபாயக் கட்டடம், யாரும் குடியிருக்க லாயக்கில்லன்னு வார்டு மெம்பரே சபையில சொல்லணும். சொன்னா இப்பவே ஓட்டுக்கு விடுறேன். மதியத்துக்குள்ள காலி பண்ணி இடிக்க ஆள் வரும். நீங்க சொல்லுவீங்களா?”

அவளை உட்கார வைக்கத்தான் அவர் அப்படிக் கேட்டார். எந்த மெம்பராவது தன் வார்டை இடிக்கச் சொல்வாரா?

மெம்பருக்கு விரல் கணுவில் அந்தச் சில்லென்ற காற்று மறுபடி பட்டது. கட்டிலில் புரள முடியாமல் கிடக்கிற அந்தப் பெரிய உடம்பு கண்ணுக்குள் வந்தது. சுவர் சாய்ந்தால் மற்றவர்கள் ஓடிவிடுவார்கள். அவர் எப்படி ஓடுவார்? அவரை விட்டுவிட்டு நாத்தனார்தான் ஓடுவாளா?

“சொல்றேன்” என்றாள். “அந்த வரிசை பூராவும் அபாயம். என் வீடும் சேர்த்து. எழுதிக்கங்க.”

கைகள் எழும்பின. ஒரு வருஷமாக ஒரு சுவர் கட்ட எழும்பாத கைகள் இடிக்க என்றதும் ஒரே மூச்சில் எழும்பின, தூங்கிக்கொண்டிருந்தவர் கைகூட. கொண்டுவந்த மெம்பரும் கை தூக்கினால்தான் தீர்மானம் செல்லும் என்று பக்கத்து நாற்காலிக்காரர் காதில் சொன்னார். அவளும் தூக்கினாள்.

வண்டிகள் மதியமே வந்துவிட்டன. அதற்குப் பிறகு தெருவில் நடந்ததைச் சொல்லவே வாய் கூசுகிறது. முட்டைக்கடை அக்கா அவள் முகத்துக்கு நேரே காறித் துப்பினாள். துப்பியது மழையில் கரைந்து போயிற்று, ஆனால் துப்பினாள். நான் இருக்கேன்னு சொன்னியே, இருந்துதான் இதைச் செஞ்சியா என்று அயர்ன்காரர் கேட்டார். பாத்திரம், பாய், ட்ரங்குப் பெட்டி எல்லாம் மழையில் நனைந்துகொண்டு வெளியே வந்தன. கொஞ்ச தூரத்தில் இருந்த பள்ளிக்கூடத்தில்தான் இப்போதைக்குத் தங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

கடைசி வீட்டில் நாத்தனார் அடுப்பு முன்னால் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்துவிட்டாள். இடிக்கட்டும், எங்களையும் சேர்த்து இடிக்கட்டும் என்றாள். அண்ணி என்று கூப்பிடவில்லை. மெம்பர் என்றாள். “மெம்பர் வீட்டு ஆளுங்களா இருந்தா என்ன, சட்டம் சட்டம்தான? இடிக்கச் சொல்லுங்க மெம்பர்” என்றாள். கொத்தனார் தன் வீட்டுக்குப் போய், முன்கதவைக் கீலோடு கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார்.

அப்போது டிரைவர்தான் பேசினார். “மச்சான், தூக்குங்க. கூரையையே பாத்துப் பாத்துக் கண்ணு புளிச்சுப்போச்சு. மழைய ஒரு தடவ மூஞ்சில வாங்கிக்கறேன்” என்றார். நாத்தனார் அதைக் கேட்டு வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே எழுந்து அவர் தலைக்குத் துணி சுற்றினாள். நாலு பேர் அவரைக் கதவில் கிடத்தித் தூக்கினார்கள். திட்டிக்கொண்டிருந்த அயர்ன்காரரும் ஒரு மூலையைப் பிடித்தார்.

இடிக்கிற இயந்திரம் கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்தது. பின்சுவர் முதலில் சாய்ந்தது. சுவர் தூள் தூளாகப் போயிற்று, ஆனால் பூசிய இடம் மட்டும் ஒரு நீளப் பாளமாக, உடையாமல் சேற்றில் வந்து விழுந்தது. நாத்தனார் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். “எங்கண்ணன் பூசின இடம் உடையல. பாத்துக்கங்க” என்று யாரிடமோ சொல்வது மாதிரி சொன்னாள். அந்த வீடு இன்னும் எத்தனை வருஷம் நின்றிருக்குமோ என்று முதல்முறையாக மெம்பருக்குத் தோன்றியது. அடுத்த வீட்டுக்கு நகரும்போது இயந்திரத்தின் சங்கிலிச் சக்கரம் சேற்றில் புதைந்தது. அதை மீட்பதற்குள் ஓட்டுகிறவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மழை விடட்டும் என்று போய்விட்டார்கள். மற்ற வீடுகள் அப்படியே நின்றன.

அதுதான் வினையாயிற்று. மறுநாள் மழை விட்டது. வெயில்கூட லேசாக அடித்தது. பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக்கு வரிசை, குழந்தைகளுக்குக் காய்ச்சல், சமைக்க இடமில்லை. முட்டைக்கடை அக்கா, அடுப்பை எடுத்துவரப் போகிறேன் என்று கிளம்பினாள். திரும்பவில்லை. அயர்ன்காரர் வண்டியைப் பார்க்கப் போனார். அவரும் திரும்பவில்லை. மதியத்துக்குள் எல்லாக் குடும்பமும் பழைய வீட்டில் அடுப்பு மூட்டியிருந்தது. மெம்பர் பின்னாலேயே ஓடி வாசல் வாசலாக நின்று கெஞ்சினாள். கரை விழுந்துச்சா, காட்டு பாக்கலாம் என்று கேட்டார்கள். கரை விழவில்லை. ஆபீஸில் போய்ச் சொன்னாள். தீர்மானம் போட்டாயிற்று, காலி பண்ணியாயிற்று, திரும்பிப் போனால் நாங்கள் என்ன செய்வது என்றார்கள். அணைத் தண்ணீர் இன்று ராத்திரிக்குள் வந்துவிடும் என்பதையும் சொன்னார்கள்.

பள்ளிக்கூடத்தில் மிஞ்சியிருந்தது அவள் குடும்பம்தான். நாத்தனார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். டிரைவர் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட படுக்கையில் கிடந்தார். மெம்பர் ஜன்னலோரம் நின்றுகொண்டு ஆற்றுப்பக்கமே பார்த்தாள். நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி போய் நின்றாள். தடுப்புச் சுவர் போச்சு, தெரு போச்சு, நாத்தனார் வீடு போச்சு, கரை மட்டும் கல்லுக்குண்டு மாதிரி நிற்கிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

“மெம்பரே, எனக்கொரு மனு” என்றார் டிரைவர்.

“சொல்லுங்கண்ணே” என்றாள், திரும்பாமலே.

“கரை விழணும்னு வேண்டிக்காத தங்கச்சி. அங்க ஜனம் இருக்கு.”

அவள் திரும்பினாள். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. வேண்டிக்கொண்டுதான் இருந்தாள். காலையிலிருந்து மனசுக்குள்ளே அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தாள். ஐயோ, நானா, நானா என்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், புருஷனின் பையிலிருந்து சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மறுபடி தூறல். கதவில்லாமல் திறந்து கிடந்த தன் வீட்டுக்குள் நேரே போய், மிஷினைத் தள்ளிவிட்டு, பின்சுவரில் உளியை வைத்து அடித்தாள். சுத்தியல் விரலில் விழுந்தது. மறுபடி அடித்தாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். மெம்பருக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. பின்னால் காலடி கேட்டது. கொத்தனார். தடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று அவள் சுத்தியலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாது” என்றார். “நகரு.”

உளியை வாங்கி ஒரு முழம் தள்ளி வைத்தார். மூன்றாவது அடியில் பூச்சு பெயர்ந்து விழுந்தது. விழுந்ததும் கொத்தனார் அப்படியே நின்றுவிட்டார். அவர் மூடும்போது அது ஒரு விரல் அகலம்தான் இருந்தது. பூச்சுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், அது வளர்ந்திருந்தது. கையை உள்ளே விட்டார். முழங்கைவரை போயிற்று. கையை உருவியதும் அந்தப் பக்கம் தெரிந்தது. பின்வாசலுக்கு அப்பால் மேல்மண் மட்டும் கூரை மாதிரி நின்றது, அடிமண்ணைக் காணோம். பழுப்பாக, சுழித்துக்கொண்டு, தண்ணீர் நேரே சுவருக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு கிட்டத்தில் ஆற்றை அவர்கள் பார்த்ததில்லை.

வாய் பேசாத மனுஷன் தெருவுக்கு ஓடி வந்தார். “விரிசல்!” என்று கத்தினார். அந்தத் தெருக்காரர்களில் அந்த வார்த்தையை உரக்கச் சொன்ன முதல் ஆள் அவர்தான். “எல்லா வீட்டையும் நான்தான் பூசினேன். எல்லாத்துக்குள்ளயும் இப்படித்தான் இருக்கும். வெளிய வாங்க.”

சிலர் வாசலில் நின்று பார்த்தார்கள். அயர்ன்காரர் ரெண்டடி எடுத்து வைத்துவிட்டு நின்றார். பேப்பர் போடுகிறவர் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள். முட்டைக்கடை அக்கா, நாடகம் போட்டது போதும், எங்க வீட்டையும் இடிக்க வழி பண்றீங்களா என்று கேட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். கொத்தனார் சுத்தியலோடு அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்துப் போனார். உள்ளே இருக்கிறவர்கள் அடிக்க விட வேண்டுமே.

மெம்பர் தெரு நடுவில் நின்றாள். யார் அவளை நம்புவார்கள்? எந்த வாயால் கூப்பிடுவாள்? இருக்கேன் என்றும் அந்த வாய்தான் சொன்னது, இடிங்க என்றும் அதே வாய்தான் சொன்னது.

அப்போது தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நாத்தனார் வந்தாள். யாரையும் பார்க்காமல் கதவில்லாத வீட்டுக்குள் போனாள். சுவர் ஓட்டைக்கு முன்னால் குனிந்தாள். ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தாள். வெளியே வந்தாள். நேரே முட்டைக்கடை அக்கா வீட்டுப் படியேறி, உள்ளங்கையால் கதவைத் தட்டினாள்.

“அக்கா, நான்தான். வீடு போனவ கூப்பிடுறேன். வெளிய வா.”

உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. மறுபடியும் தட்டினாள். தட்டிக்கொண்டே தெருப்பக்கம் திரும்பி, வீடு இடிந்ததிலிருந்து தான் பேசாமல் இருந்த அண்ணியிடம் முதல்முறையாகப் பேசினாள்.

“அங்க ஏன் நிக்கிறீங்க அண்ணி? இங்க வந்து நில்லுங்க. நீங்க நின்னா நகர மாட்டீங்கன்னு அக்காவுக்குத் தெரியும்.”

மெம்பர் படியேறினாள். ரெண்டு பேரும் சேர்ந்து தட்டினார்கள்.